சென் கிராமத்துக் குருகுலம்

சீன தேசத்து ஹொனான் மாகாணத்தில், மஞ்சள் நதிக்கு வடக்கே, கோதுமை வயல்களும் வள்ளிக்கிழங்குத் தோட்டங்களும் சூழ அமைந்திருக்கிறது சென்ஜியாகோ என்னும் சிற்றூர். ‘தாய்ச்சி’ என்று உலகம் அழைக்கும் போர் வித்தையின் பிறப்பிடம் இதுவே. 17-ம் நூற்றாண்டில் சென் வாங்திங் என்னும் வீரர் இதனை வகுத்தார் என்பது அவ்வூரார் கொள்கை.

நாம் அங்கே அப்பியாசம் செய்யச் சென்றபோது உள்ளத்தில் ஓர் அந்தரங்க ஆசையும் இருந்தது. ஊர் திரும்பியதும் வாசலில் பலகை மாட்டி, நாமும் ஓர் ஆசிரியராகிவிட வேண்டும் என்பதே அது.

முதல் நாள் காலையில் அடியுமில்லை, உதையுமில்லை. முழங்காலைச் சற்றே மடக்கி, மரத்தைத் தழுவுவது போலக் கைகளை வட்டமாக ஏந்தி, அசையாது நிற்கும்படி சொன்னார்கள். சில நிமிஷங்களிலேயே தொடைகள் நடுங்கலாயின. பிறகு வந்தது பட்டு நூல் இழுக்கும் பயிற்சி. கூட்டிலிருந்து பட்டை இழுப்பவன் அவசரப்பட்டால் இழை அறும், தயங்கினால் சிக்கும். அந்த நிதானத்தோடு இடுப்பும் தோளும் மணிக்கட்டும் ஒன்றாய்ச் சுழல வேண்டும்.

இவ்வித்தை ஒரு காலத்தில் சென் குடும்பத்தார்க்கே உரியதாயிருந்தது. வெளியூராரான யாங் லூச்சான் (1799-1872) இங்கு வந்து, சென் சாங்ஷிங்கிடம் பயின்றார். அந்தக் குரு வழிபாட்டுப் பலகைபோல் நிமிர்ந்து நிற்பாராம். ஆதலால் ‘பலகையார்’ என்றே பெயர் பெற்றார். சீடரோ பின்னர் பீகிங் நகர் சென்று பலருக்கும் கற்பித்தார். 1928-ல் சென் பாகே என்பவரும் கிராமத்தை விட்டு அந்நகரில் ஆசிரியரானார். 2020-ல் யுனெஸ்கோ இவ்வித்தையை மனித குலத்தின் பாரம்பரியச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. கற்பிக்க முன்வந்தோர் இல்லையேல் இது ஓர் ஊர்க் கதையாகவே முடிந்திருக்கும். நம் நாட்டில் ஆசானோடு மறைந்த சிலம்ப முறைகளை எண்ணி அப்போது நெஞ்சு கனத்தது.

கடைசி நாளன்று, “நாங்கள் கற்பிக்கலாமா?” என்று ஆசிரியரைக் கேட்டோம். அவர் பதில் கூறாமல், புதிதாய் வந்த ஒரு சிறுவனை நம் எதிரே நிறுத்தி, “இவனுக்கு நிற்கச் சொல்லிக் கொடுங்கள்” என்றார். தோளைத் தளர்த்து என்று அவனுக்குச் சைகை காட்டிவிட்டு, நாமும் நின்றோம். சிறிது நேரத்தில் சிறுவனின் வலது தோள் உயர்ந்தது. என்ன காரணமென்று திகைத்தபோது, ஆசிரியர் மெல்ல வந்து நமது வலது தோளை அழுத்தினார். அதுவும் உயர்ந்தே இருந்தது!

வாசற் பலகை இன்னும் சில ஆண்டுகள் பொறுக்கலாம். நாள்தோறும் விடியற்காலையில் நாம் நின்றுகொண்டிருக்கிறோம்.