எத்தனை பாதை என்று கர்னலைக் கேளுங்கள்



செல்போனில் சிக்னல் கோடு தெரிந்தால் "நெட் இருக்கு" என்று சொல்லிவிடுகிறோம். எந்த வழியா இருக்கு, எத்தனை வழியா இருக்கு என்று யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்கக் கற்றுக்கொண்டதுதான் எங்கள் புராஜெக்ட்.

நாம் பாடத்தில் படித்த டி.சி.பி. இணைப்பு, இரண்டு முகவரி, இரண்டு போர்ட் எண் என்ற நாலு முளையில் கட்டிய மாடு மாதிரி. வைஃபையை விட்டு சிம் நெட்டுக்கு மாறினால் முகவரி மாறும், இணைப்பு அறுந்துபோகும். இந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் மல்டிபாத் டி.சி.பி. இணைப்பு ஒன்றுதான், அதற்குள் பல கிளைகள். ஒவ்வொரு கிளைக்கும் சப்ஃப்ளோ என்று பேர். 2013-ல் இதற்கான ஆர்.எஃப்.சி. 6824 வெளிவந்தது. அதே ஆண்டு ஆப்பிள் கம்பெனி ஐ.ஓ.எஸ். 7-ல் சிரிக்காக இதைப் பயன்படுத்தியது. 2020-ல் ஆர்.எஃப்.சி. 8684 வந்தது, அந்த ஆண்டே லினக்ஸ் 5.6 கர்னலிலும் இது இடம்பிடித்தது.

இதிலே ஒரு வேடிக்கை. புரோகிராமுக்குத் தெரிவது ஒரே ஒரு சாக்கெட்தான். உள்ளே இரண்டு கிளை ஓடுதா, ஒன்று போயிருச்சா, அதற்குத் தெரியாது. தெரிந்தது கர்னலுக்கு மட்டும். நாம் கேட்டால்தான் அது சொல்லும்.

லேப்ல ஒரே கம்ப்யூட்டருக்குள் இரண்டு நெட்வொர்க் நேம்ஸ்பேஸ் உண்டாக்கி, நடுவில் இரண்டு பாதை போட்டோம். பெரிய ஃபைல் ஒன்றை அனுப்பிக்கொண்டே எஸ்.எஸ். கமாண்டை மல்டிபாத்துக்கான ஆப்ஷனோடு கொடுத்தோம். சப்ஃப்ளோ எண்ணிக்கை 1 என்று வந்தது. பாதை இரண்டாச்சே, ஏன் ஒன்று? முதல் கிளையை அந்த எண் கணக்கில் சேர்ப்பதில்லை. கூடுதலாகச் சேர்ந்த கிளைகளை மட்டும்தான் எண்ணுகிறது. எல்லாவற்றையும் சேர்த்து எண்ணும் தனி எண் பிறகு வந்த கர்னல்களில் இருக்கிறது.

அடுத்து, கூடுதல் கிளையின் முகவரியை எடுத்துவிட்டோம். எண் 0 ஆனது. ஐ.பி. கமாண்டின் மானிட்டர் ஓடிய ஜன்னலில், கிளை மூடியது என்று ஒரு வரி வந்து நின்றது. ஃபைல் மட்டும் எதுவும் நடக்காத மாதிரி போய்க்கொண்டே இருந்தது!

இன்னொன்றும் உண்டு. வழியில் இருக்கும் ஏதாவது ஒரு ஃபயர்வால் மல்டிபாத் அடையாளத்தை உருவிவிட்டால், இணைப்பு சத்தமில்லாமல் சாதாரண டி.சி.பி. ஆகிவிடும். இதற்குப் பேர் ஃபால்பேக். வேலை நடக்கும், ஆனால் மாற்று வழி கிடையாது. இருப்பது ஒரே பாதை. இதைச் சொல்லவும் கர்னல் ஒரு கொடி வைத்திருக்கிறது. அதைப் பார்க்காதவன், அந்த ஒரு பாதையும் அறுகிற நாளில்தான் விழிப்பான்.

இதைப் படிக்கும்போது எனக்குப் போன வருஷம் எங்களோடு படித்த ஒரு நண்பன் ஞாபகம்தான் வந்தது. தினமும் வகுப்புக்கு வருவான். "எப்படிடா இருக்கே?" என்றால், "நல்லாருக்கேன்டா" என்பான். வீட்டில் அப்பாவுக்கு வேலை போனதும், பீஸ் கட்ட வழியில்லாததும் அவன் படிப்பை நிறுத்திய பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. வெளியே இணைப்பு இருந்தது. உள்ளே கிளைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன.

எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். என்னை மாதிரி நம்மில் நிறைய பேர் இருக்கிறோம். நமக்கெல்லாம் பெரும்பாலும் ஒரே பாதைதான். அதனால் தோழர்களே, பக்கத்து பெஞ்சுக்காரனிடம் "நல்லாருக்கியா?" என்பதோடு நிறுத்தாதீர்கள். "பீஸ் கட்டியாச்சா? அரியர் எத்தனை? சாப்பிட்டியா?" என்று தனித்தனியாகக் கேளுங்கள். கேட்டால்தான் பதில் வரும். உங்களை யாராவது கேட்டால், நீங்களும் உள்ளதைச் சொல்லுங்கள்.

— மூன்றாம் ஆண்டு, கம்ப்யூட்டர் இன்ஜினியரிங்