பக்கத்தில் உட்காருகிறவர்

போடியிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. ஒவ்வொரு வளைவிலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "இனி இந்தப் பக்கமே வருவதில்லை" என்று சபதம் செய்வேன். ஆனாலும் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் நண்பர் கூப்பிட்டால் கிளம்பிவிடுவேன். போன மாதம் அவர் கூப்பிட்டது மத்யஸ்தத்துக்கு.

"பத்தாவது படிக்கிற பொண்ணு. பிடில் வாசிக்கிறதுதான் தொழில்ங்கிறா. நீங்களே சொல்லுங்கண்ணே, அதுல சோறு கிடைக்குமா?"

மத்யஸ்தம் செய்ய எனக்கு யோக்யதை கிடையாது. பத்து வயதில் அப்பா எனக்கும் ஒரு பிடில் வாங்கிக் கொடுத்தார். இரண்டு வருஷம் சரளி வரிசையோடு மல்லுக்கட்டினேன். வீணையைப்போல் பிடிலுக்கு மெட்டுகள் இல்லை. ஸ்வரம் இருக்கும் இடத்தை விரலே கண்டுபிடிக்கவேண்டும். மயிரிழை பிசகினாலும் அபஸ்வரம். ஒரு நாள் பெட்டியை மூடிப் பரண்மேல் போட்டுவிட்டேன். அப்பா ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

ஆகவே தீர்ப்புச் சொல்லாமல் லால்குடி ஜெயராமனைப் பற்றிச் சொன்னேன். 1930-ல் பிறந்தவர். தகப்பனார் கோபாலய்யரே குரு. பன்னிரண்டு வயதில் பக்கவாத்தியம் வாசிக்க மேடை ஏறினார். பின்னர் அரியக்குடி, செம்பை, ஜி.என்.பி., மதுரை மணி என்று ஜாம்பவான்களுக்கெல்லாம் வாசித்தார். அது லேசான காரியமா? பாடகர் அடுத்து எங்கே திரும்புவார் என்று முன்கூட்டிச் சொல்லமாட்டார். நிழல்போல் தொடரவேண்டும். தன் முறை வந்ததும் அதே ராகத்தைச் சுருக்கமாக வாசித்து, அவரை மிஞ்சாமல் நிறுத்தவேண்டும்.

பக்கத்தில் உட்கார்ந்த அந்த வருஷங்களில்தான் பிடிலை வாய்ப்பாட்டாகவே பேசவைக்கும் வித்தை அவருக்குக் கைவந்தது. 1965-ல் எடின்பரோ விழாவுக்குப் போனபோது, யெஹூதி மெனுஹின் அவருக்கு ஓர் இத்தாலியப் பிடிலைப் பரிசளித்தார். 1966-ல் குழலும் வீணையும் இருபுறம் இருக்க, பிடிலைச் சரிசமமாக வைத்துக் கச்சேரி செய்தார். 2013-ல் அவர் மறைந்தபோது பிடில் என்றாலே லால்குடி என்றிருந்தது பலருக்கு.

ஒரு லால்குடிக்கு எத்தனையோ பேர் பாடம் சொல்லிக்கொடுத்தே காலம் தள்ளினார்கள் என்பதையும் நான் மறைக்கவில்லை.

"பன்னிரண்டு வயசிலேருந்து 65 வரைக்கும்னா, இருபது வருஷத்துக்கு மேலல்ல ஆகுது! ஏலச்செடிகூட மூணு வருஷத்துல காய்ச்சிரும்ணே" என்றார் நண்பர்.

பேசிக்கொண்டே முறத்திலிருந்த காய்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். வெடித்த காய், சுருங்கிய காய் எல்லாம் அவர் பார்க்காமலே விரலில் சிக்கி ஒதுங்கின.

"இது படிய உமக்கு எத்தனை வருஷம் ஆயிற்று?"

"எங்கப்பா என்னை எட்டு வயசுல முறத்துக்கு முன்னால உட்கார வச்சாரு" என்றவர், சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

உள்ளே அந்தப் பெண் ச, ப, ச, ப என்று தந்திகளைக் கூட்டிக்கொண்டிருந்தாள். மலைப்பனிக்குச் சுருதி நழுவிக்கொண்டே இருந்தது. அவள் அலுக்காமல் மறுபடி மறுபடி முறுக்கினாள். ஒருவழியாகச் சேர்ந்தது.

நண்பர் முறத்தைக் கீழே வைத்தார்.

"சத்தம் சரியாக் கேட்கலை. கதவைத் திறந்து வச்சுக்கிட்டு வாசிம்மா" என்றார்.