கண்ணுக்காக ஒரு கப்பற் பிரயாணம்

கப்பலிற் போய் வந்தோம் என்று சொன்னவுடன் உறவினரும் அயலவரும் எங்களிடம் கேட்ட முதற் கேள்வி, "சாப்பாடு எப்படி?" என்பதே. கடல் எப்படி, மலை எப்படி என்று கேட்டவர் எவருமிலர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. இக்காலத்து உல்லாசக் கப்பல்களின் விளம்பரங்களும் உணவையே முன்னிறுத்துகின்றன. விடியற்காலை தொடங்கி நள்ளிரவு வரையில் ஏதோவொரு மூலையில் எதையாவது வேகவைத்தும் பொரித்தும் வைத்திருக்கிறார்கள். பயணச்சீட்டின் விலையிலேயே அதற்குரிய பணமும் அடங்கிவிடுவதால், எத்தனை தரம் எடுத்துண்டாலும் கேட்பாரில்லை.

எங்களுக்கு இப்பிரயாணம் வாய்த்த காரணம் வேறு. என் கணவருக்கு இருபது ஆண்டுகளாக நீரிழிவு. சென்ற ஆண்டு கண் வைத்தியர் சோதித்துவிட்டு, விழித்திரையிலுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் பழுதுற்றுக் கசிகின்றன என்றார். லேசர்ச் சிகிச்சையும் நடந்தது. "இருக்கிற பார்வையைக் காப்பதானால் சீனியைக் கட்டுப்படுத்த வேண்டும், போனதை மீட்டுத் தருவேன் என்று நான் சொல்ல மாட்டேன்" என்று அவர் கூறிய வார்த்தை எங்கள் வீட்டிற் பல நாள் தங்கி நின்றது. வன்கூவரில் வசிக்கும் மகன் இதைக் கேள்வியுற்று, "அப்பா பார்க்க விரும்பியதை இப்பொழுதே பார்க்கட்டும்" என்று சொல்லி, அலாஸ்காவுக்கு ஏழு நாட் கப்பற் பிரயாணம் ஒன்றை ஒழுங்கு செய்தான். முப்பது ஆண்டுகள் புவியியல் ஆசிரியராயிருந்து, நுழைகழியையும் பனிக்கட்டியாற்றையும் கரும்பலகையில் வரைந்து காட்டியவர் இவர். அவற்றுள் ஒன்றையேனும் கண்ணாற் கண்டதில்லை.

மாலையிற் கப்பல் வன்கூவர்த் துறைமுகத்தை விட்டு, 1938ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பெருந் தொங்குபாலத்தின் கீழாகச் சென்றது. தலைக்கு மேலே மோட்டார் வண்டிகள் ஓட, நாங்கள் கடலை நோக்கி நகர்ந்தோம். நகர்ந்ததைக் கண்டவள் நான் மட்டுமே. மேற்றட்டு உணவு மண்டபத்தில் என்னென்ன பரப்பி வைத்திருக்கிறார்கள் என்று ஒரு சுற்றுப் பார்த்துவர அவர் போயிருந்தார்.

மறுநாட் காலை வன்கூவர்த் தீவின் வடமுனைக்கு அண்மையில் ஓர்க்காக் கூட்டமொன்று தென்பட்டது. கொலைத் திமிங்கிலம் என்று பெயர் வைத்துவிட்டார்களேயன்றி, அவை டொல்பின் குலத்தைச் சேர்ந்தவை. அப்பகுதியில் மீனுண்டு வாழும் கூட்டங்களில், ஆண் பிள்ளைகள் ஆயுட்காலம் முழுவதும் தாயைவிட்டுப் பிரிவதில்லையாம். கடல் கடந்து வாழும் பிள்ளையைப் பெற்றவள் ஆதலால் இச்செய்தி என் மனத்திற் பதிந்துவிட்டது. ஆளுயரச் செட்டையொன்று நீரைக் கிழித்து எழுந்ததும் நான் உணவு மண்டபத்துக்கு ஓடினேன்.

"இஞ்சாருங்கோ, கெதியாய் எழும்பி வாங்கோ!"

முட்டையும் பாணும் பணியாரமும் குவிந்த தட்டின் முன்னிருந்தவர் தலை நிமிர்ந்து, "நீர் போய்ப் பாரும்; எடுத்ததை எறிய ஏலாது. இதை முடித்துக்கொண்டு வாறன்" என்றார். அவர் வந்தபோது கடல் வெறுமையாகக் கிடந்தது. அன்றிரவு இரத்தத்திற் சீனியின் அளவு 312.

எனக்குக் கோபம் வந்ததுதான். ஆயினும் அவரால் அந்தத் தட்டை ஏன் விட்டுவர முடியவில்லை என்பதை நான் அறியாதவளல்லேன். 1973இல் பாணுக்காக இருட்டோடு எழுந்து வரிசையில் நின்ற இளைஞர் அவர். 1990க்குப் பின் யாழ்ப்பாணத்துக்குப் பொருள்கள் தடைப்பட்டிருந்த காலத்தில், பனங்கட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு வெறுந் தேநீர் குடித்துப் பள்ளிக்கூடம் போனவர். அப்படி வாழ்ந்தவருக்கு, நிறைந்திருக்கும் மேசையை விட்டு விலகிப் போவது பாவம்போலத் தோன்றாதா? பசி தீர்ந்த பின்பும் பஞ்சத்தின் நினைவு உண்ணச் சொல்கிறது. எங்கள் தலைமுறையிற் பலருடைய நோய்க்கு இதுவும் ஒரு காரணமோ என்று நான் ஐயுறுவதுண்டு.

அவர் பூதக்கண்ணாடியை வைத்து அந்த இலக்கத்தை இரண்டு முறை வாசித்தார். பிறகு, "நாளை தொடக்கம் அந்த மேல் மண்டபத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போகாதேயும்" என்றார்.

அவ்வாறே செய்தோம். கீழ்த்தட்டிலிருந்த போசனசாலையில் அமர்ந்து, பரிசாரகர் கொண்டுவருவதை மாத்திரம் உண்டோம். கண்முன்னே பரப்பி வைத்திராதது மனத்தையும் அலைக்கழிப்பதில்லை. பிலிப்பைன்ஸ் நாட்டவரான அந்தப் பரிசாரகரிடம் நோயைச் சொன்னோம். தம் தாயாருக்கும் அதே நோய்தான் என்றார் அவர். அடுத்த வேளையிலிருந்து நாங்கள் கேளாமலே மீனும் மரக்கறியும் வந்தன. பட்டினி கிடக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இன்சுலின் ஏற்றிக்கொள்பவர் வேளை தவறுவது ஆபத்து. எங்கே போனாலும் சட்டைப்பையிற் பிஸ்கட் இருந்தது. கப்பலில் நாள்தோறும் தரும் நேரசூசியில், கரையும் மலையும் நன்கு தெரியும் நேரங்களை முதலிற் குறித்துக்கொண்டு, எஞ்சிய இடங்களிற் சாப்பாட்டைப் புகுத்தினோம். காலையும் மாலையும் தளத்தைச் சுற்றி நடந்தோம். மூன்று சுற்றுக்கு ஒரு மைல்.

வெளியூர் வீதி எதனோடும் தொடர்பில்லாத, கடலாலும் வானாலும் மட்டுமே அடையக்கூடிய தலைநகரமான ஜூனோவிற் படகேறிக் கூனல் திமிங்கிலங்களைக் கண்டோம். குளிர்காலத்தில் இவை ஹவாய்த் தீவுகள் வரை நீந்திச் சென்று கன்றீனுகின்றன. அங்கே பெரும்பாலும் ஒன்றும் உண்பதில்லை. கோடையில் அலாஸ்காவுக்கு வருவதே தின்பதற்காகத்தான். "எங்கள் கப்பலுக்கு ஏற்ற பிராணி" என்று அவர் சிரித்தார். அன்றிரவு ஐஸ்கிறீம் ஒரு கிண்ணம் உண்டதையும் மறைக்காமல் எழுத வேண்டும்.

மறுநாள் ஸ்காக்வே. 1896இல் குளொண்டைக்கிற் பொன் கண்டெடுக்கப்பட்ட பின்னர், ஆயிரக்கணக்கானோர் இவ்வூரில் இறங்கி மலை கடந்தனர். ஓராண்டுக்குப் போதிய உணவு இல்லாதவரைக் கனடியப் பொலிசார் எல்லையிலேயே மறித்தார்கள். உணவும் கருவிகளுமாக ஒருவருக்கு ஏறத்தாழ ஒரு தொன் பாரம்! அதைச் சிறு சிறு பொதிகளாக்கி, ஒரே மலையிற் பல பத்துத் தடவை ஏறி இறங்கினார்கள். மூவாயிரம் வரையிலான பொதிக் குதிரைகள் மற்றொரு கணவாயில் மடிந்தன. 1900இல் முடிக்கப்பட்ட ஒடுங்கிய இருப்புப்பாதையில் அக்கணவாய் வழியே நாங்கள் சுகமாக ஏறினோம். அவர் பள்ளத்தாக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டைப்பைப் பிஸ்கட்டை நான்தான் நினைவூட்ட வேண்டியிருந்தது.

ஐந்தாம் நாள் பனிக்கட்டியாற்று விரிகுடா. பெருங் கப்பல்கள் நாளொன்றுக்கு இரண்டுக்கு மேல் அங்கே அனுமதிக்கப்படுவதில்லை. காலையில் தேசியப் பூங்கா உத்தியோகத்தர் சிறு படகில் வந்து கப்பலில் ஏறிக்கொண்டு, விளக்கம் கூறினார். 1794இல் ஆங்கிலேய மாலுமிகள் இவ்வழி வந்தபோது விரிகுடாவே இல்லை எனலாம். வாயிலுக்கு அருகிலேயே பனிச்சுவர் நின்றது. இன்று அது அறுபத்தைந்து மைல் பின்வாங்கியிருக்கிறது. மார்ஜெரிப் பனிக்கட்டியாற்றின் முன்னே கப்பல் நின்றபோது, பனிக்கட்டி நீலமாயிருப்பது ஏன் என்று உத்தியோகத்தர் கூட்டத்தைக் கேட்டார். என் கணவர், வகுப்பறையிற் பேசும் அதே குரலில், அடர்ந்த பனிக்கட்டி செந்நிற ஒளியை உறிஞ்சிக்கொள்வதால் நீலம் எஞ்சுகிறது என்று விடை சொன்னார். ஓய்வு பெற்ற பின் அந்தக் குரலை நான் கேட்டதில்லை.

நீர்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 250 அடி உயரம், ஒரு மைல் அகலம். நாற்பது நிமிடம் ஒன்றும் நிகழவில்லை. குளிரிற் கை விறைத்தது. கிண்ணங்களிற் சூடான சூப் கொண்டுவந்தார்கள். பகலுணவு வேளையும் ஆயிற்று. பக்கத்தில் நின்றோர் ஒவ்வொருவராக உள்ளே போயினர். அவர் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு கம்பியைப் பிடித்தபடி நின்றார். வெடியோசை ஒன்று எழுந்தது. சுவரின் ஒரு பாகம் மெல்லச் சரிந்து கடலில் வீழ்ந்தது. அவ்விடத்துப் பழங்குடியினரான கிளிங்கிற் மக்கள் இவ்வோசைக்கு இட்ட பெயர் வெள்ளை இடி என்பதாம். நீர் எழும்பி அடங்க, பறவைகள் அவ்விடத்தை நோக்கிப் பாய்ந்தன.

"தெரிந்ததா?" என்று கேட்டேன்.

"விளிம்பு கலங்கலாய்த்தான் தெரிந்தது. நீலம் தெரிந்தது; விழுந்தது தெரிந்தது" என்றார். கண்களைத் துடைத்தார். குளிர்காற்றினாலும் இருக்கலாம்.

அன்றிரவு சீனி 164. நல்லதென்று சொல்வதற்கில்லை, ஆயினும் 312 அன்று.

கடைசி இரவிற் போசனசாலையிற் பெருவிருந்து நடந்தது. பழப் பணியாரம் ஒன்றை இருவரும் பாதி பாதியாகப் பகிர்ந்து உண்டோம், மிக நன்றாயிருந்தது. பின்னர்த் தளத்துக்கு வந்தோம். இரவு பத்து மணியாகப் போகிறது, மேற்கு வானில் இன்னும் வெளிச்சம் மிச்சமிருந்தது. கம்பியோரம் நின்று வெகுநேரம் ஒன்றும் பேசாதிருந்தவர் என் பக்கம் திரும்பி, "இஞ்சேரும், அந்த முதல் நாள் நீர் கண்டது, அந்தச் செட்டை, எவ்வளவு உயரமிருக்கும்? ஒருக்கால் ஆறுதலாய்ச் சொல்லும் பார்ப்போம்" என்றார்.