இடுப்பளவு நீலம்

"இது எந்த மாசத்துல எடுத்த படம் தம்பி?" என்று பெரியவர் கேட்டார். மடிக்கணினித் திரையில் பழவேற்காடு ஏரியின் செயற்கைக்கோள் படம் விரிந்திருந்தது. டிசைனர் தேதியைப் பார்த்துவிட்டு, "மே மாசம்ணா" என்றார்.

"அதான். முகத்துவாரம் அடைஞ்சு கெடக்குது பாரு. ஐப்பசி கார்த்திகையில எடுத்திருந்தா, இந்த வெள்ளையா தெரியுறதெல்லாம் தண்ணியா இருக்கும்."

ஏரிக்கரையில் வலை பழுது பார்க்கும் கொட்டகை அது. டிசைனர் பொன்னேரியில் டிடிபி கடை வைத்திருப்பவர். கல்யாணப் பத்திரிகையும் அஞ்சலி போஸ்டரும் அடித்துப் பழகிய கை. உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தின் சுவரில் மாட்ட, ஆறடி அகலம் எட்டடி உயரத்தில் ஏரியின் சித்திர வரைபடம் ஒன்றைச் செய்ய ஒப்புக்கொண்டிருந்தார். இந்த வேலையைக் கூட இருந்து பார்க்கத்தான் நான் சென்னையிலிருந்து வந்திருந்தேன்.

இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சிலிகாவுக்கு அடுத்தபடி பெரியது இது. சுமார் 60 கிலோமீட்டர் நீளம். பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது, தென்முனைதான் நமக்கு. கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா நீளமாகப் படுத்திருக்கிறது. டச்சுக்காரர்கள் 1613இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். அவர்களுக்கு இந்த ஊர் ஒரு துறைமுகம். ஏரிக்குள் எந்த இடத்தில் எந்த மாதம் இறால் இறங்கும் என்ற கணக்கு குப்பத்துக்காரர்களுடையது, வாய்வழியாகவே வந்தது.

அந்தக் கணக்கைப் படத்துக்குள் கொண்டுவருவதுதான் டிசைனரின் பாடு. ஃபோட்டோஷாப்பில் செயற்கைக்கோள் படத்தை அடியில் போட்டு, அதன் அடர்த்தியை 40 சதவீதமாகக் குறைத்து, மேலே புது லேயர் திறந்து, பென் டூலால் கரையைப் புள்ளி புள்ளியாகப் பிடித்துக்கொண்டு போயிருந்தார். மூன்று ராத்திரி வேலை. பெரியவரின் ஒரு கேள்வியில் அந்தக் கரை பாதிக் கரையாகிவிட்டது. அவர் அழிக்கவில்லை. அதற்கு 'கோடைக் கரை' என்று பெயர் வைத்தார். மழைக்காலத்தில் எடுத்த இன்னொரு படத்தைத் தேடி இறக்கி, 'மழைக் கரை' என்று இரண்டாவது கோட்டை வரைந்தார். இரண்டுக்கும் நடுவில் கிடந்த இடத்துக்கு ஈரமணல் நிறத்தை நீர்த்துப்போகத் தடவினார். அந்த ஏரிக்கு ஒரே கரை கிடையாது என்பது அந்த மணல் நிறத்தில்தான் எனக்குப் புரிந்தது.

ஆழத்தைச் சொல்வதில் அடுத்த சிக்கல். மீட்டர் கணக்கைக் கேட்டால் யாரும் பதில் சொல்லவில்லை. "அங்க முழங்காலு. ஓடையில எறங்குனா இடுப்பு. முகத்துவாரத்துக்கிட்ட ஆளு முழுவும்." பெரும்பாலும் கழி ஊன்றிப் படகு தள்ளுகிற, ஆழம் குறைந்த ஏரி, உடம்புதான் அளவுகோல். டிசைனர் நான்கு நீலங்களைக் கலந்து லேயர்களுக்குப் பெயர் கொடுத்தார்: கணுக்கால், முழங்கால், இடுப்பு, ஆள்முழுக்கு. திரையின் வலது ஓரத்தில் அந்தப் பெயர்கள் ஒன்றன் கீழ் ஒன்றாக நின்றதை நான் கைப்பேசியில் படமெடுத்து வைத்திருக்கிறேன். இதே பெயர்கள் படத்தின் குறிப்புப் பட்டியலிலும் வர வேண்டும் என்று நான் சொன்னேன்; அவர் அதை ஏற்கெனவே முடிவு செய்திருந்தார்.

மீன்களைத் தாளில் கையால் வரைந்து, ஸ்கேன் செய்து, வெள்ளைப் பின்னணியை நீக்கி வைத்திருந்தார். மடவை, கிழங்கான், கொடுவா, பச்சை நண்டு, இறால். மீன் விற்றுவிட்டு வந்த ஆயா ஒருவர் கூடையை இறக்கிவைத்து எட்டிப் பார்த்தார். மற்றதெல்லாம் சரி என்று தலையாட்டியவர் இறாலில் நின்றார். "இன்னாப்பா, செவப்பா போட்டு வச்சிருக்கற? கொழம்புல கெடக்குறதுதான் செவப்பு. உசுரோட இருந்தா கண்ணாடியாட்டம் இருக்கும்." கூடையின் அடியில் மிஞ்சியிருந்த ஒன்றை எடுத்து அவர் வெளிச்சத்தில் பிடித்தார். ஓடு வழியாக அவர் விரலின் நிழல் தெரிந்தது. முதுகில் ஓடும் குடல் ஒரு கருநூல் போல. டிசைனர் அதைத் தன் உள்ளங்கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். சிவப்பை நீக்கினார். உடலைச் சாம்பல் கலந்த வெள்ளையாக்கி, அடியில் இருக்கும் நீலம் தெரியும்படி அடர்த்தியைக் குறைத்து, கண்ணையும் வால்நுனியையும் மட்டும் அழுத்தமாக விட்டார். வலையில்லாமல் தண்ணீரில் உட்கார்ந்து கையால் துழாவி இறால் பிடித்து, பல்லில் கவ்விய பறிக்குள் போடும் இருளர் பெண்ணின் உருவமும் அதே சாயங்காலம் படத்தில் சேர்ந்தது. அவரைச் சேர்க்காமல் இந்த ஏரிக்குப் படம் போடுவது நியாயமே இல்லை.

பிறகு பாடு. கம்பு நட்டுச் சுத்து வலை கட்டி இறால் பிடிக்கும் இடங்களைப் பாடு என்கிறார்கள். தலைக்கட்டுக் கணக்கில் சீட்டுக் குலுக்கி, யாருக்கு எந்த இடம், எந்த முறை என்று பிரித்துக்கொள்வது தலைமுறைகளாக உள்ள ஏற்பாடு. நல்ல இடம் ஒருவருக்கே நிலைத்துவிடாது. ஒருவரும் வெறுங்கையாகவும் நிற்க மாட்டார். டிசைனர் ஒவ்வொரு பாட்டையும் சுற்றி அழகாகக் கோடு போட்டு, புள்ளிக்கோட்டில் எல்லையும் கொடுத்திருந்தார். அதைப் பார்த்ததும் கொட்டகையில் பேச்சு நின்றது.

"கோடு வேணாம் தம்பி" என்றார் பெரியவர். "மண்ணு நவுந்தா பாடும் நவுரும். நாளைக்கு எவனாவது இந்தப் படத்தக் காட்டி, கோட்டுக்கு இந்தப் பக்கம் எங்களுதுன்னுவான்."

நான் அவர் பக்கம்தான். மாநில எல்லை ஓடுகிற ஏரி இது. தண்ணீரில் எல்லைச் சச்சரவு என்ன விலை கேட்கும் என்று இந்தக் குப்பங்கள் அறியும். சுவரில் ஏறிய கோட்டுக்குப் பட்டாவின் தோரணை வந்துவிடும். டிசைனருக்கோ கோடு இல்லாவிட்டால் படம் புரியாது என்ற கவலை. இரண்டு பேரும் தங்கள் தொழிலின் நியாயத்தைத்தான் பேசினார்கள். கடைசியில் டிசைனர் எல்லைக் கோடுகளின் லேயரையே நீக்கினார். விளிம்பு முழுக்கக் கரைந்த பெரிய பிரஷ்ஷை எடுத்து, ஒவ்வொரு பாடு இருக்கும் இடத்திலும் லேசான மஞ்சளை ஒரே ஒரு முறை ஒற்றினார். எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாத ஒரு வெளிச்சம். நடுவில் ஒரு கம்பும் வலையும்.

மாதிரிக்கு ஒரு ஏ3 தாளில் அச்செடுத்து அடுத்த வாரம் கொண்டுவந்தார். திரையில் மின்னிய நீலம் அச்சு மையில் மங்கியிருந்தது. ஒளியின் மூன்று நிறத்தில் செய்ததை மையின் நான்கு நிறத்துக்கு மாற்றும்போது முதலில் அடிபடுவது இப்படிப்பட்ட நீலம்தான். 'இடுப்பு' எது, 'முழங்கால்' எது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. நான்கையும் திரும்பக் கலக்க வேண்டும் என்றார். திசைகாட்டியில் வடக்கே வாடை, கிழக்கே கொண்டல், மேற்கே கச்சான் என்று காற்றின் பெயர்கள் ஏறியிருந்தன.

பெரியவர் தாளைத் தரையில் விரித்து, நான்கு முனையிலும் வலைக்குண்டுகளை வைத்தார். முகத்துவாரத்தில் விரலை வைத்து, மெல்ல உள்ளே நகர்த்தி, ஒரு மஞ்சள் வெளிச்சத்தின் மேல் நிறுத்தினார். அந்த வருடம் சீட்டில் அவருக்கு விழுந்த இடம்.

"இன்னும் கொஞ்சம் தெக்கால."

டிசைனர் கணினியைத் திறந்து, அந்த லேயரைத் தேர்ந்தெடுத்து, அம்புக்குறிப் பொத்தானைத் தட்டத் தட்ட வெளிச்சம் கீழே இறங்கியது. பெரியவர் ஒரு கண் திரையிலும் ஒரு கண் ஏரியிலுமாக இருந்தார்.

"இன்னும். இன்னும் கொஞ்சம். ஆங், நிறுத்து."