எட்டாம் நம்பர் வீட்டு நிலவறை

இங்கிலாந்துக்குப் போகிற நம்மவர்கள் லண்டனைச் சுற்றிப் பார்ப்பார்கள். ஷேக்ஸ்பியர் பிறந்த ஊருக்கு ஒரு நடை போவார்கள். பெண்ணோ பிள்ளையோ குடியிருக்கும் இடத்தில் பேரக் குழந்தையைக் குளிப்பாட்டித் தூங்கப் பண்ணிவிட்டு ஊர் திரும்பி விடுவார்கள். "லிவர்பூலுக்குப் போய் வாருங்களேன்" என்று யாராவது சொன்னால், "அங்கே என்ன இருக்கிறது? துறைமுகந்தானே?" என்று கேட்பார்கள்.

துறைமுகந்தான். ஆனால் அந்த ஊரின் வெஸ்ட் டெர்பி என்ற பகுதியில், ஹேமன்ஸ் கிரீன் என்னும் அமைதியான தெருவில், எட்டாம் நம்பர் வீடு ஒன்று இருக்கிறது. உலகத்தையே ஒரு கலக்குக் கலக்கிய பீட்டில்ஸ் கோஷ்டி அந்த வீட்டு நிலவறையில்தான் தவழ்ந்து நடை பழகியது. அந்த வீட்டுக்கும் நம் சென்னைக்கும் ஓர் உறவும் உண்டு. வாருங்கள், மெதுவாகப் படியிறங்கிப் பார்ப்போம். தலை ஜாக்கிரதை!

வீட்டின் எஜமானி மோனா பெஸ்ட் என்ற அம்மாள். டில்லியில் பிறந்தவர். அவருடைய மூத்த பிள்ளை பீட் பெஸ்ட் பிறந்தது 1941-இல், சாக்ஷாத் நம் சென்னைப் பட்டணத்தில்! யுத்தம் முடிந்ததும், 1945-ஆம் வருஷக் கிறிஸ்துமஸ் தினத்தன்று, குடும்பம் கப்பலிலிருந்து லிவர்பூலில் இறங்கியது. வெயிலில் பிறந்த குழந்தை குளிரில் வளர்ந்தது.

அவ்வளவு பெரிய வீட்டை வாங்கப் பணம் எங்கிருந்து வந்தது என்கிறீர்களா? அந்தக் குடும்பத்தார் சொல்லும் கதையைக் கேளுங்கள். 1954-ஆம் வருஷத்து டெர்பி குதிரைப் பந்தயத்தில், மோனா அம்மாள் தம் நகைகளை அடகு வைத்து ஒரு குதிரைமேல் பணம் கட்டினாராம். குதிரையின் பெயர் "நெவர் ஸே டை". ஒன்றுக்கு முப்பத்து மூன்று என்ற விகிதம். ஜெயிக்கும் என்று யாரும் நம்பவில்லை. பதினெட்டு வயது லெஸ்டர் பிகட் ஓட்டிய அந்தக் குதிரை ஜெயித்தது! இதைப் படித்துவிட்டு யாரும் கழுத்துச் சங்கிலியைக் கழற்ற வேண்டாம். அம்மாளுக்குக் குதிரை ஓடியது, எல்லோருக்கும் ஓடாது.

பீட்டும் அவன் தம்பியும் சிநேகிதர்களைக் கூட்டிக் கொண்டு வந்து வீட்டில் ஒரே அமர்க்களம். லண்டனில் இளைஞர்கள் கூடும் காப்பிக் கடை ஒன்றை டெலிவிஷனில் பார்த்த மோனா அம்மாளுக்கு ஒரு யோசனை தோன்றியது. 'நம் வீட்டு நிலவறையையே காப்பி கிளப்பாக்கினால் என்ன? பிள்ளைகள் கண்ணெதிரே இருப்பார்கள் அல்லவா?' சாராயம் கிடையாது. காப்பி, கேக், குளிர்பானம், பாட்டு. அதுதான் காஸ்பா கிளப். 1959 ஆகஸ்ட் 29-ந் தேதி திறப்பு விழா.

திறப்பு விழாவில் வாசிக்க அமர்த்திய கோஷ்டியில் கடைசி நேரத்தில் சண்டை வந்து விட்டது. கோஷ்டி என்றால் சண்டை இல்லாமலா? அதிலிருந்த ஜார்ஜ் ஹாரிஸன் என்ற பையன், "எனக்கு இரண்டு சிநேகிதர்கள் இருக்கிறார்கள்" என்று சொல்லி ஜான் லென்னனையும் பால் மாக்கார்ட்னியையும் அழைத்து வந்தான். வந்தவர்கள் கையில் மோனா அம்மாள் கொடுத்தது கிதார் அல்ல, வர்ணத் தூரிகை! சுவருக்கும் கூரைக்கும் வர்ணம் பூசினால்தானே கிளப் திறக்க முடியும்?

இவர்கள் அதற்கு முன்பே குவாரிமென் என்ற பெயரில் வாசித்து வந்தவர்கள். ஜான் தன் பள்ளிக்கூடத் தோழர்களைச் சேர்த்து ஆரம்பித்த கோஷ்டி அது. துணி தேய்க்கும் தகரப் பலகை ஒரு வாத்தியம். தேயிலைப் பெட்டியில் கழியை நட்டுக் கயிறு கட்டியது இன்னொரு வாத்தியம். வீட்டுச் சாமான்களெல்லாம் கச்சேரிக்குப் போயின! 1957 ஜூலை 6-ந் தேதி வுல்டன் மாதாகோயில் திருவிழாவில் பால் இவர்களைப் பார்த்தான். ஜானைவிட நன்றாகவே கிதார் வாசித்தான். தன்னைவிடக் கெட்டிக்காரனைச் சேர்ப்பதா, வேண்டாமா? ஜான் சேர்த்துக் கொண்டான். அந்த ஒரு முடிவில்தான் கோஷ்டி பிழைத்தது. அடுத்த வருஷம் பாலின் சிபாரிசில் ஜார்ஜ் வந்தான். பழைய தோழர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள்.

ஜானுக்கும் பாலுக்கும் இன்னொரு பந்தமும் இருந்தது. அது துக்கத்தின் பந்தம். மருத்துவச்சியாக இருந்த பாலின் தாயார் 1956-இல் காலமானார். ஜானுக்குப் பாஞ்சோ வாசிக்கும் முறையில் கிதார் கற்றுக் கொடுத்த தாயார் ஜூலியா, 1958-இல் மோட்டார் மோதி இறந்தார். தாயில்லாப் பிள்ளைகள் இருவருக்கும் மோனா அம்மாளின் நிலவறை ஒதுங்குவதற்கு ஒரு நிழலாக இருந்திருக்கும் என்பதில் என்ன ஆச்சரியம்?

காஸ்பாவில் நான்கு பேருக்குச் சம்பளம் மூன்று பவுன். ஆளுக்குப் பதினைந்து ஷில்லிங். ஒரு நாள் நான்காவது பையனுக்கு உடம்பு சரியில்லை. மோனா அம்மாள் அவனை வாசலில் உட்கார வைத்துப் பணம் வசூலிக்கச் சொன்னார். அவன் பங்கையும் கொடுத்தார். "வாசிக்காதவனுக்கு எதற்குப் பங்கு?" என்று மற்ற மூவரும் கோபித்துக் கொண்டு வெளியேறினார்கள். பதினைந்து ஷில்லிங்கில் உடைந்தது கோஷ்டி!

மூவருக்கும் மத்தளம் தட்ட ஆள் அகப்படவில்லை. ஒருவர் பாட்டில் தொழிற்சாலையில் வேலை செய்தவர். கொஞ்ச நாள் கூட அலைந்துவிட்டு, மாதச் சம்பளமே மேல் என்று திரும்பி விட்டார். இன்னொருவரைச் சர்க்கார் கட்டாய ராணுவ சேவைக்கு அழைத்துக் கொண்டது. ஜானின் ஓவியக் கல்லூரி நண்பன் ஸ்டூவர்ட் சட்கிளிஃப் ஒரு படம் விற்ற பணத்தில் பேஸ் கிதார் வாங்கிச் சேர்ந்தான். அவனுக்குக் கை தூரிகையில்தான் தேர்ந்தது, தந்தியில் அல்ல.

இந்த நிலையில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரிலிருந்து அழைப்பு வந்தது. டிரம் இல்லாமல் போக முடியாது. அப்போது நினைவுக்கு வந்தான் பீட் பெஸ்ட். அவனிடம் தாயார் வாங்கிக் கொடுத்த டிரம் இருந்தது. 1960 ஆகஸ்ட் 12-ந் தேதி அவன் வாசித்துக் காட்டினான். சில நாட்களில் கப்பலேறினான். ஹாம்பர்க்கில் சினிமாக் கொட்டகையின் பின்புறத்தில் படுக்கை, இரவெல்லாம் வாசிப்பு. அந்த உழைப்பில்தான் பையன்களின் கை தேறியது. ஸ்டூவர்ட் ஓவியம் படிக்க அங்கேயே தங்கிவிட, பேஸ் கிதார் பால் கைக்கு வந்தது. பாவம், ஸ்டூவர்ட் 1962 ஏப்ரலில் இருபத்தொன்றாம் வயதில் மூளையில் ரத்தம் கசிந்து இறந்து போனான்.

ஊர் திரும்பியவர்களுக்கு மாத்யூ தெருவில் காவர்ன் கிளப் காத்திருந்தது. பழைய கிடங்கு ஒன்றின் நிலவறை அது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் பெண்கள் கையில் ரொட்டியுடன் படியிறங்கி வருவார்கள். அவர்களில் பலர் பார்க்க வந்தது பின்வரிசையில் வாய் பேசாமல் உட்கார்ந்திருந்த அழகன் பீட்டைத்தான். 1961 நவம்பரில் இசைத்தட்டுக் கடை நடத்திய பிரையன் எப்ஸ்டைன் வந்து பார்த்தார், மானேஜரானார். 1962 ஜூனில் லண்டன் ரிக்கார்டு கம்பெனியில் பரீட்சை நடந்தது. ரிக்கார்டு செய்ய இந்த டிரம் போதாது என்றார் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின்.

ஆகஸ்ட் 16-ந் தேதி எப்ஸ்டைன் பீட்டைத் தம் அறைக்கு அழைத்து, "உன்னை நீக்கி விட்டார்கள்" என்று சொன்னார். இரண்டு வருஷமும் நாலு நாளும் கூட உழைத்தவனிடம் மற்ற மூவரும் நேரில் ஒரு வார்த்தை சொல்லவில்லை! அந்த இடத்துக்கு ரிங்கோ ஸ்டார் வந்தார். வேறொரு பிரபல கோஷ்டியில் டிரம் வாசித்துக் கொண்டிருந்தவர் அவர். காவர்னில் பீட்டின் ரசிகைகள் கொதித்தெழுந்தார்கள்; ஜார்ஜின் கண் வீங்கியது. செப்டம்பரில் இன்னொரு வேடிக்கை நடந்தது. ரிங்கோவையும் ஒதுக்கிவிட்டுக் கம்பெனி கூலிக்கு ஒரு டிரம் வித்வானை அமர்த்தியது. ரிங்கோ கையில் கஞ்சிராவைப் போன்ற டாம்பரினைக் கொடுத்தது. உருளும் உரல் யாரைத்தான் விட்டது!

பிறகு பீட்டில்ஸ் ஏறிய உயரத்தை உலகம் அறியும். பீட்? ரொட்டிக் கிடங்கில் மூட்டை ஏற்றினார். பின்பு வேலையற்றவர்களுக்கு வேலை தேடித் தரும் சர்க்கார் அலுவலகத்தில் சுமார் இருபது வருஷம் உத்தியோகம் பார்த்தார். வேலை போன துக்கம் அவரைவிட யாருக்குத் தெரியும்? 1995-இல் பீட்டில்ஸின் பழைய பதிவுகள் தொகுப்பாக வந்தபோது, அதில் அவர் வாசித்த பத்துப் பாட்டுகளுக்கு நல்ல தொகை கிடைத்தது. தமக்கென்று ஒரு கோஷ்டி வைத்து ஊர் ஊராக வாசித்து, 2025-இல் மேடையிலிருந்து ஓய்வு பெற்றார்.

மோனா அம்மாள்? பிள்ளைக்கு நேர்ந்ததை அவர் மறக்கவில்லை. ஆனாலும் 1967-இல் இசைத்தட்டு அட்டைப் படத்துக்காக ஜான் இரவல் கேட்டபோது, தம் தகப்பனாரின் ராணுவப் பதக்கங்களைக் கொடுத்தனுப்பினார். வயிறு எரிந்தாலும் வாசலில் நிற்கிற பிள்ளைக்கு இல்லையென்று சொல்ல வராத மனசு. 1988-இல் அவர் காலமானார்.

லிவர்பூல் போனால், ஜானும் பாலும் வளர்ந்த வீடுகளை நேஷனல் டிரஸ்ட் பாதுகாத்து வைத்திருக்கிறது, பார்க்கலாம். காவர்ன் 1973-இல் மூடப்பட்டு, பிறகு 1984-இல் பழைய செங்கற்கள் பலவற்றைக் கொண்டே திரும்பக் கட்டப்பட்டது. அதையும் பாருங்கள். ஆனால் காஸ்பாவை விட்டு விடாதீர்கள். முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொண்டு போவது நல்லது.

அங்கே நிமிர்ந்து பார்த்தால் பால் தீட்டிய வானவில் கூரை தெரியும். ஜானின் நிழலுருவம் ஒரு சுவரில் இருக்கும். தீட்டியவர் பின்னால் அவருக்கு மனைவியான சிந்தியா. கோஷ்டியில் வந்தவர் எத்தனை பேர், போனவர் எத்தனை பேர்! பிள்ளைகள் கெட்டுப் போகக் கூடாதென்று ஒரு தாய் திறந்து வைத்த நிலவறை மட்டும், அவர்கள் பூசிய வர்ணத்தோடு அப்படியே இருக்கிறது.