இளநீர் ஊற்றுவதற்கு முன்

கடலூரிலும் சிதம்பரத்திலும் நாய் ஒன்றுக்குப் போகச் சிரமப்பட்டால் வீட்டில் முதலில் எழும் சொல் 'சூடு'. வெயிலில் கிடந்தது, கருவாட்டுத் தலையைத் தின்றது, உடம்பு காய்ந்துவிட்டது என்று மோரும் இளநீரும் புகட்டுகிறார்கள். அன்பினால் செய்வதுதான், அதில் பாதி உண்மையும் உண்டு. தண்ணீர் நிறையக் குடித்தால் சிறுநீர் நீர்த்துப்போகும், உப்பு படிந்து கல்லாவது குறையும். ஆனால் அந்த ஒரு சொல்லுக்குள் வெவ்வேறு நோய்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்றைத் தணிப்பது இன்னொன்றில் உயிரை வாங்கிவிடும்.

பெட்டை நாய்க்குச் சிறுநீர்ப் பாதை குட்டையானது. குடல் கிருமிகள் எளிதில் சிறுநீர்ப்பைக்கு ஏறிவிடும். பத்தடிக்கு ஒருதரம் குந்தும், நாலு சொட்டு விடும், கடைசிச் சொட்டில் ரத்தம் தெரியும், ஓயாமல் நக்கிக்கொள்ளும். பழக்கப்பட்ட நாய் கூடத்தில் நனைத்தால் அது திமிர் அல்ல, அடிப்பது பாவம். கடுவனுக்கு ஆபத்து வேறு. அதன் குறிக்குள் ஓர் எலும்பு இருக்கிறது. பையிலிருந்து இறங்கும் கல் அந்த எலும்பின் பின்முனையில் வந்து சிக்கிக்கொள்ளும். காலைத் தூக்கி முக்கும், எதுவும் வராது; பார்ப்பவர்கள் மலச்சிக்கல் என்று நினைத்துவிடுவார்கள். சிறுநீரோடு வெளியேற வேண்டிய பொட்டாசியம் ரத்தத்தில் ஏறி இதயத் துடிப்பைக் குலைக்கும். இளநீரோ பொட்டாசியம் நிறைந்தது. முழு அடைப்பில் இரண்டு மூன்று நாளுக்குள் சாவு வந்துவிடலாம் என்பதால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உள்ளூரில் அடைப்பை நீக்கக் குழாய் செலுத்தும் வசதி இல்லையென்றால், கடலூரிலிருந்து எட்டும் தூரத்தில் புதுச்சேரி குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

இன்னொன்று மழைக்கால நோய். 2015லும், ஃபெஞ்சல் புயலை ஒட்டித் தென்பெண்ணை பெருகிய 2024 டிசம்பரிலும் கடலூரில் வெள்ளம் புகுந்தது. அப்படித் தேங்கும் தண்ணீரில் எலிகளின் சிறுநீர் கலந்திருக்கும். அதில் அளையும் நாய்க்கு எலிக்காய்ச்சல் தொற்றலாம். காய்ச்சல், வாந்தி, கண்ணில் மஞ்சள், பிறகு சிறுநீரகம் பழுதாகிச் சிறுநீரே குறைவது என்று போகும். அந்தச் சிறுநீர் மனிதருக்கும் நோயைத் தரும் என்பதால் கையுறை இல்லாமல் துடைக்கக் கூடாது. ஆண்டுதோறும் போடும் தடுப்பூசியில் இதற்கான மருந்தும் இருக்கிறதா என்று கேட்டுப் போடுவது நல்லது.

'போன தடவை மிச்சமான மாத்திரையே கேட்டது' என்பார்கள். கேட்டதுபோல் தோன்றும், அவ்வளவுதான். கல்லுக்குள் பதுங்கிய கிருமி சாகாது. அரைகுறை மருந்தால் பரிசோதனையும் ஏமாற்றும். சாதாரணத் தொற்றுக்கு மூன்று முதல் ஐந்து நாள் மருந்தே போதும் என்பது இன்றைய மருத்துவ வழிகாட்டல். எந்த மருந்து என்பதுதான் கேள்வி. மனிதருக்கான வலி மாத்திரைகள் நாயின் சிறுநீரகத்தையே கெடுக்கக்கூடும். செலவாகுமே என்று தயங்குவது நியாயம்தான். ஆனால் முதல் பரிசோதனை ஒரு காகிதப் பட்டையை முக்கிப் பார்ப்பது, அதற்குப் பெரிய செலவில்லை. காலையில் நாய் குந்தும்போது, கழுவிக் காயவைத்த நீண்ட காம்புக் கரண்டியைப் பின்னாலிருந்து மெல்ல நீட்டினால் வேண்டிய அளவு கிடைத்துவிடும். மூடியுள்ள சுத்தமான டப்பாவில் ஊற்றி, ஒரு மணி நேரத்துக்குள் கால்நடை மருந்தகத்தில் கொடுக்கலாம். கடுவன் என்றால், கடைசியாக அது தாராளமாகப் பெய்தது எப்போது என்பதையும் நினைவில் வைத்துப் போக வேண்டும். மருத்துவர் முதலில் அதைத்தான் கேட்பார்.