தறி அட்டையும் தோடி காந்தாரமும்

"மாமா, கண்ணை மூடிக்கிட்டு எந்தக் கட்டையை வேணும்னாலும் அமுக்குங்க" என்றான் தங்கை மகன். உடையார்பாளையத்து வீட்டு மாடி. மடிக்கணினியோடு 25 கட்டையுள்ள சின்ன கீபோர்டு. அமுக்கினேன். ஒன்றுகூட அபசுரமாக விழவில்லை. விரல் தவறிய இடமெல்லாம் மோகனமாகவே ஒலித்தது.

"ஸ்கேல்னு ஒரு மிடி எஃபெக்ட்."

எக்கோ, ரீவெர்ப் எல்லாம் பிறந்த ஒலியின் மேல் வேலை செய்பவை. மிடி எஃபெக்ட் ஒலியைத் தொடுவதே இல்லை. கீபோர்டு அனுப்புவது வெறும் எண்கள்: எந்தச் சுரம், எவ்வளவு வேகமாக அமுக்கினாய், எப்போது விட்டாய். மிடி என்ற இந்த ஏற்பாடு 1983இல் வந்தது. அந்த எண்களை வழியிலேயே மறித்து மாற்றிவிடுகிறது எஃபெக்ட். சேர்த்துப் பிடித்த மூன்று சுரங்களை ஆர்ப்பெஜியேட்டர் ஒவ்வொன்றாக உதிர்க்கிறது.

பக்கத்துத் தெருவில் தறி ஓடிக்கொண்டிருந்தது. ஜக்கார்டு பெட்டியில் சுழலும் அட்டையின் ஓட்டைகள்தான் எந்தப் பாவு இழை எழும்பும் என்று சொல்கின்றன. மாங்காய் போய் மயில் வரவேண்டுமென்றால் அட்டையைத்தான் மாற்ற வேண்டும். அதே சங்கதிதான் இங்கேயும்.

அமுக்கும் வேகத்துக்கு உச்ச எண் 127 என்றான். எனக்குக் கனம் கிருஷ்ணையர் நினைவு வந்துவிட்டது. இந்த ஊர் ஜமீன்தார் கச்சிக் கல்யாண ரங்கர் ஆதரித்த வித்துவான். தஞ்சாவூருக்கு வந்த பொப்பிலி கேசவையாவிடம் கன மார்க்கம் என்ற பாடும் முறையைக் கற்றவர். 'கனம்' என்ற பட்டப்பெயரே அதனால் வந்தது. உ.வே.சாமிநாதையரின் தந்தை வேங்கடசுப்பையர் இவரிடம்தான் பாட்டுக் கற்றார். சாமிநாதையரின் 'என் சரித்திரம்' படித்த நாளிலிருந்து இந்தத் தெருக்களில் நடக்கும்போதெல்லாம் அந்தக் குருவும் சிஷ்யரும் எந்தத் திண்ணையில் உட்கார்ந்து பாடியிருப்பார்கள் என்று தேடுவேன். சிஷ்யர் வாய் திறக்குமுன்பே, மூச்சு இழுக்கும் விதத்தைப் பார்த்தே, குரு கையமர்த்தி நிறுத்தியிருப்பார் என்று தோன்றும். நல்ல ஆசிரியர் திருத்துவது அந்த இடத்தில்தான். சத்தம் பிறப்பதற்கு முன்னால். ஆனால் கனம் என்பது சத்தத்தின் அளவு இல்லை. நாபியிலிருந்து எழும் கனத்துக்கு 127 போதாது. அது வேறு கணக்கு.

"தோடி வாசிப்பியா?" என்றேன்.

மோகன ஸ்கேலை எடுத்துவிட்டுக் காந்தாரத்தை அமுக்கினான். ஆணி அடித்ததுபோல் நின்றது. அசையாத காந்தாரம் தோடிக்கு ஆகாது. அப்புறம் இடக்கையை, சுரத்தை ஏற்றி இறக்கும் பிட்ச் வீலில் வைத்தான். வழக்கமாக அது கீழே இரண்டு அரைச்சுரம், மேலே இரண்டு அரைச்சுரம் போகும். காந்தாரத்திலிருந்து கீழே இரண்டு போனால் ரிஷபம், மேலே இரண்டு போனால் மத்தியமம். தோடிக்கென்றே அளந்து வைத்ததுபோல! அந்தத் தூரத்தில் 16,384 படிகள்.

முதல் முறை குலுங்கியது. ஏழெட்டு முறைக்குப் பிறகு ஒரே ஒரு தடவை, ரிஷபத்தைத் தொட்டு எழுந்து, காந்தாரம் அசைந்தது.

"இன்னொரு தடவை" என்றேன். "இன்னும் மெதுவா, கீழேருந்து."